சிவப்பில் கிடந்த சவரி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். இந்தத் தொடரில் பள்ளிக்கூட வேன் ஓட்ட வந்த கதையை எழுதினேன். புயலில் ஓடு பறந்ததை எழுதினேன். என் கல்யாணத்தில் கடைசிப் பந்திக்குச் சோறு பத்தாமல் போனதைக்கூட எழுதினேன். இந்த ஒன்று வரும்போது மட்டும் பேனா வேறு பக்கம் திரும்பிவிடும். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் என்றைக்கோ சொல்லியாகிவிட்டது. அங்கே நடுவில் ஒரு வலை இருக்கிறது, முகம் தெரியாது. வீட்டில் வலை கிடையாது.

இப்போது என் மனைவி ஆரோக்கியமே எழுதச் சொல்லிவிட்டாள். "எழுதனா முழுசா எழுதுங்க. பாதிய எழுதிட்டு விட்டீங்கன்னா மீதிய நான் எழுதி அனுப்புவன்" என்று சொல்லியிருக்கிறாள். அவள் செய்வாள்.

விஷயம் ஒரு வீடியோ கேம். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள். எனக்கு எழுத உட்கார்ந்ததும் கை பரபரக்கிறது.

அரிசி டிரம் மேல்

தவக்காலத்தில் ஒரு ஞாயிறு. வில்லியனூரில் காலைப் பூசை பார்த்துவிட்டு ஒதியம்பட்டுக்குத் திரும்பி, மாதா திருவிழாவுக்கு முன்னால் வெள்ளையடிக்க வேண்டும் என்று பரணில் இருந்ததையெல்லாம் இறக்கிக்கொண்டிருந்தோம். என் மகள் ஜெனி ஒரு தகர டப்பாவைத் திறந்தாள். உள்ளே என் பழைய துண்டில் எதுவோ சுற்றியிருந்தது.

"அப்பா, இது இன்னாப்பா?"

நான் ஏணியின் மேல் இருந்தேன். அவள் துண்டைப் பிரித்துவிட்டாள். இரண்டு உள்ளங்கை நீளம், கறுப்பு, நடுவில் திரை, ஒரு மூலையில் சில்லுப் பெயர்ந்தது. கையில் வைத்து ஆடுகிற கேம் மெஷின்.

அந்த நேரம் பார்த்து என் மச்சான் சவரி சாப்பிட வந்தான். ஆரோக்கியத்தின் தம்பி. வீடு வீடாக நெட் கனெக்‌ஷன் கொடுக்கிற கம்பெனியில் லைன்மேன் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் தோளில் அந்தப் பெரிய பையோடுதான் வருவான். வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பான். மெஷினைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"ஆத்துல போட்டுட்டன்னு சொன்னியே மாமா. நீந்தி வந்துடுச்சா?"

நான் ஏணியில் இருந்து இறங்காமலே இருந்தேன்.

சவரி அதைத் திருப்பிப் பார்த்தான். பின் மூடியைக் கழற்றினான். பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. "இது செத்துப்போச்சி. ஆனா கரண்டுல நேரா ஓடும்" என்று பையைத் துழாவி ஒரு அடாப்டரை எடுத்தான். முனை பொருந்தியது. சமையல் கட்டு வாசலில் ஒரு பிளக் இருக்கிறது, அதன் அடியில் அரிசி டிரம். டிரம் மூடிமேல் மெஷினை வைத்து சுவிட்சைத் தட்டினான்.

திரை விழித்துக்கொண்டது. உள்ளே சின்னத் தட்டு சுற்றுகிற சத்தம், காய்ந்த இலைக்குள் எலி ஓடுவது போல. அந்தச் சத்தம் கேட்டதும் ஏணிக் கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பயமா சந்தோஷமா என்று சொல்லத் தெரியவில்லை, இரண்டும்தான்.

ஜெனி எதையோ அமுக்கினாள். வரிசையாகப் பேர்கள் வந்தன. ANTONI. SUSAI. LASAR. இங்கிலீஷ் எழுத்தில். எல்லாம் வெள்ளையில். கீழே ஒன்று மட்டும் சிவப்பில் இருந்தது. SAVARI.

கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்த ஆரோக்கியம் கேட்டாள்.

"இன்னாத்துக்கு என் தம்பி பேரு செவப்பா இருக்குது?"

அங்கேயே நிறுத்திக்கொண்டு கொஞ்சம் பின்னால் போகிறேன். போகாவிட்டால் உங்களுக்குப் புரியாது.

யாரும் சீந்தாத ஆட்டம்

ஜெனி கைக்குழந்தையாக இருந்த காலம். ஆரோக்கியத்தின் பெரியப்பா குடும்பம் பிரான்சில் இருக்கிறது. லீவுக்கு வந்தவர்கள், அவர்கள் பையன் ஆடிச் சலித்துப்போன மெஷினை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்கள். கூடவே ஒரே ஒரு ஆட்டம். பேர் பிரெஞ்சில் இருந்தது. எனக்கு வாசிக்க வராது, அதனால் இங்கேயும் எழுதவில்லை.

ஒளிந்து ஒளிந்து போகிற ஆட்டம் அது. எதிரி முகாமுக்குள் யார் கண்ணிலும் படாமல் நுழைந்து வேலையை முடித்துவிட்டு வெளியே வர வேண்டும். அதே வரிசையில் டிவியில் போட்டு ஆடுகிற பெரிய ஆட்டங்கள் நிறைய உண்டாம். வில்லியனூர் நெட் சென்டர் பிள்ளைகள் அதையெல்லாம் தலைகீழாகச் சொல்லுவார்கள். இந்தச் சின்ன மெஷின் ஆட்டத்தைச் சொன்னால் மட்டும் உதட்டைப் பிதுக்குவார்கள். அது கணக்கில் சேராதாம். சவரியும் முதலில் அப்படித்தான் சொன்னான். "டிவில ஆடனாதான் மாமா ஆட்டம். இது சோப்பு டப்பாவுக்குள்ள சினிமா பாக்கற மாரி."

அது உண்மையும்கூட. பொத்தான்கள் சின்னது. சுவர் ஓரம் திரும்பினால் பார்வை எங்கேயோ போய் முட்டும். அரை மணி ஆடினால் கட்டை விரல் மரத்துப்போகும்.

ஆனால் அதில் ஒன்று இருந்தது. அதைக் கண்டுபிடித்த அன்றைக்கு என்னால் உட்கார முடியவில்லை, வீட்டுக்குள்ளேயே நடந்தேன்.

அந்த ஆட்டத்தில் எதிரியைக் கொல்லத் தேவையில்லை. பின்னால் போய் மடக்கி மயக்கம் போட வைத்து, தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நம்முடைய லாரியில் ஏற்றிவிட வேண்டும். இழுக்கும்போது அவன் பூட்ஸ் தரையில் உரசுகிற சத்தம் வரும். மெதுவாகத்தான் இழுக்க முடியும். நடுவில் இன்னொருத்தன் பார்த்துவிட்டால் போச்சு. கொண்டுவந்து சேர்த்துவிட்டால், இரண்டு மூன்று நாள் கழித்து அவனே மனம் மாறி நம்ம ஆளாகிவிடுவான். அடுத்த ஆட்டத்தில் அவனையே அனுப்பலாம்.

பகைவனை நேசி என்று ஞாயிறுதோறும் கேட்கிறவன் நான். அதை ஒரு கேம் மெஷின் செய்துகாட்டும் என்று நினைத்ததே இல்லை. என் கண்ணில் தண்ணீர் வந்தது. சவரி சிரித்தான். நீங்களும் சிரிக்கலாம்.

அன்றைக்கு எந்தப் புனிதர்

வருகிறவன் எல்லாம் வாயில் நுழையாத பேரோடு வந்தான். பேரை மாற்ற வழியிருந்தது. ஆகவே ஞானஸ்நானம் கொடுக்க ஆரம்பித்தோம். எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்தால் பங்குக் காலண்டரில் அன்றைக்கு எந்தப் புனிதர் என்று பார்ப்போம் இல்லையா, அதே மாதிரி. ஆள் வந்த தேதிக்குக் காலண்டரைப் பார்த்து, பேரை அடித்து, நான் ஒரு சிலுவை போட்டுவிடுவேன். இது சரியா தப்பா என்று சாமியாரிடம் நான் கேட்கவில்லை.

ஒருத்தனுக்கு மட்டும் சவரி தன் பேரை வைக்கச் சொன்னான். கூட்டத்திலேயே வேகமாக ஓடுகிறவன் அவன். சவரியும் அப்போது அப்படித்தான். போலீஸ் செலக்‌ஷனுக்கு மனுப் போட்டுவிட்டு, தினமும் விடியலில் ஊசுட்டேரிக் கரையில் ஓடுவான். எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் அவனை அடிக்க எங்கள் பக்கத்தில் ஆள் இல்லை.

இன்னொரு அதிசயத்தையும் சொல்ல வேண்டும். அந்த மெஷின் காற்றில் நெட் சிக்னலைத் தேடும். எங்காவது ஒரு நெட் பெட்டி சிக்னல் விட்டால், திரையில் வட்டம் சுற்றி, ஒரு புது ஆளைக் கொடுக்கும். ஓடாமல் ஒளியாமல் ஆள் கிடைக்கும். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் சிக்னல் இருந்த இடங்களை விரல் விட்டு எண்ணலாம். நானும் சவரியும் மத்தியான வெயிலில் மெஷினைப் பிடித்துக்கொண்டு பேங்க் வாசலில் நிற்போம், கம்ப்யூட்டர் கிளாஸ் மாடிப்படியில் நிற்போம். வாட்ச்மேன் துரத்துவார். "போன் வந்துச்சி அண்ணே" என்று சவரி மெஷினைக் காதில் வைத்துக்கொள்வான்.

அதில் நாங்களாகவே ஒரு நம்பிக்கை வைத்துக்கொண்டோம். எந்த இடத்துச் சிக்னலோ அந்த இடத்து ஆள்தான் வருவான் என்று. ஸ்டேஷன் பக்கம் தேடினபோது ஒரு டிரைவர் வந்தான். கம்ப்யூட்டர் கிளாஸில் ஒரு மெக்கானிக் வந்தான். மாதா கோயிலுக்கு எதிர்வீட்டுச் சிக்னலில் வந்தவன் ஒரு சண்டையிலும் அடிபடவே இல்லை. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்தோம். தலத்துக்கு ஒரு மகிமை உண்டு என்று பிறந்ததில் இருந்து நம்புகிறவர்கள் நாங்கள். கருவிக்கும் அதையே பொருத்திவிட்டோம்.

ரயில்வே கேட்

ஒரு நாள் என் கையால் அந்த ஓட்டக்காரன் அடிபட்டான். விளக்கு வெளிச்சத்தில் அவனை நிற்க வைத்துவிட்டேன். ஆட்டத்துக்குள் இருக்கிற ஆஸ்பத்திரிப் பட்டியலில் SAVARI என்று சிவப்பில் போட்டுவிட்டது.

அந்த ஆட்டத்தில் சிவப்பில் கிடக்கிறவன் தானாக எழுந்திருக்க மாட்டான். நம்ம கூட்டத்தில் டாக்டர் இருந்தால்தான் எழுப்ப முடியும். ஒரு ஆட்டம் ஆடினால் அங்கே ஒரு நாள் கழியும். டாக்டர் இல்லாமல் மூன்று நாள் கழிந்தால் ஆள் போய்விடுவான், பேரே இருக்காது. அதனால் ஆடி டாக்டரைப் பிடிக்கப் பயம். சிக்னலில்தான் தேட வேண்டும்.

டாக்டர் எங்கே இருப்பார்? ஆஸ்பத்திரியில். டவுனுக்குப் போகிற ரோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருந்தது, அங்கே சிக்னல் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தோம். எனக்கு வேன் எடுக்கிற நேரம். சவரியிடம் மெஷினைக் கொடுத்தேன்.

"ஓடிப்போய் ஒரு டாக்டரப் புடிச்சிக்கினு வாடா மச்சான். உன் உசுருதான் செவப்புல கிடக்குது."

"தூறுது மாமா."

"தூறல்தான. நெருப்பா?"

இந்த வாக்கியத்தைத்தான் இத்தனை வருஷமும் நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

ரயில்வே கேட் தண்டவாளத்தில் நனைந்த இரும்பில் சவரியின் பைக் வழுக்கியது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. செலக்‌ஷன் ஓட்டத்துக்குப் பத்து நாள் இருந்தது. அடுத்த ஆள் எடுப்பு வருவதற்குள் அவனுக்கு வயசு தாண்டிவிட்டது.

அக்கம்பக்கத்தார் அவனைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தது அதே ஆஸ்பத்திரியில்தான். எதற்கு அந்தப் பக்கம் போனாய் என்று வீட்டில் கேட்டபோது, சவரி என்னைப் பார்த்தான். பிறகு சொன்னான். "பாப்பாவுக்குக் கிரைப் வாட்டர் வாங்கலாம்னு போனன். இங்க கடையில இல்ல."

அன்று காலையில் ஆரோக்கியம் அவனிடம் கிரைப் வாட்டர் வாங்கச் சொல்லியிருந்தாள். எப்போது வேண்டுமானாலும் வாங்கு என்றுதான் சொன்னாள். அந்த நிமிஷத்தில் இருந்து, தன் தம்பியின் காலை முறித்தது தான்தான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. வருஷா வருஷம் அந்தத் தேதியில் மாதா கோயில் குளத்துப் படியில் மெழுகுவத்தி ஏற்றி, வாய்க்குள் முணுமுணுப்பாள். நான் பக்கத்தில் நிற்பேன். எனக்குக் காது கேட்கும்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மெஷினைத் துண்டில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டு, ஆற்றில் போட்டுவிட்டதாகச் சவரியிடம் சொன்னேன்.

மறுபடியும் அரிசி டிரம்

"இன்னாத்துக்கு என் தம்பி பேரு செவப்பா இருக்குது?"

நான் ஏணியில் இருந்து இறங்கினேன். டிரம் பக்கத்தில் தரையில் குந்தினேன். சொன்னேன். தூறல், நெருப்பு, எல்லாம். ஜெனி வாயைத் திறந்தபடி நின்றாள். சவரி அடாப்டர் வயரைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தான்.

ஆரோக்கியம் கத்தவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப கிரைப் வாட்டருக்குப் போகல."

"போகலக்கா" என்றான் சவரி. "மாமாவ எல்லாரும் திட்டுவாங்களேன்னு வாய்க்கு வந்தத சொன்னன். நீ இப்பிடி உன் மேல போட்டுக்கினு திரியறன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது."

"உனக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும்" என்று என்னைப் பார்த்தாள். "பக்கத்துலயே நின்னீங்க. நான் மெழுகுவத்தி ஏத்தும்போது காத்து அடிக்குதுன்னு கைய வச்சி மறைச்சீங்க."

உண்மைதான். மறைத்தேன்.

ஜெனி மெதுவாகப் பட்டியலைக் காட்டினாள். "அப்பா, இங்க ஒருத்தருக்குப் பேரே மாத்தல. சமையல்காரர்னு பிரெஞ்சுல போட்டிருக்குது." அவள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு எடுத்துப் படிக்கிறாள்.

அதையும் சொல்ல வேண்டியதாயிற்று. கால் முறிந்த அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குள் சவரிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் சட்டைப் பையில் இருந்த மெஷினை என் கையில் கொடுத்திருந்தார்கள். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, மாதாவே மாதாவே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொண்டே என் கட்டை விரல் மெஷினைத் திறந்தது. ஆஸ்பத்திரியில்தானே இருக்கிறோம் என்று. வட்டம் சுற்றியது. ஒரு சமையல்காரன் வந்தான். டாக்டர் இல்லை. கடவுள் என் முகத்தில் அறைந்ததாக நினைத்தேன். அவனுக்குப் பேர் வைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

ஆரோக்கியம் திரையில் இருந்த அந்தச் சிவப்பு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"அந்தப் புள்ள இன்னும் அப்பிடியேதான் கிடக்குதா?"

"ஆமா."

"மொதல்ல அவன எழுப்புங்க. அதுக்கப்புறம் என்கிட்ட பேசுங்க. அதுவரைக்கும் சோறு கிடையாது. யாருக்கும்."

"நான் இன்னாக்கா பண்ணன்" என்றான் சவரி.

"பொய் சொன்ன இல்ல?"

பையில் இருந்த ஆட்கள்

மெஷினைச் சுவரில் இருந்து பிடுங்கினால் அணைந்துவிடும். தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போக முடியாது. இருந்த இடத்திலேயே சிக்னல் தேடினோம். எங்கள் வீட்டு நெட் பெட்டியில் ஒரு காவல்காரன் வந்தான். பக்கத்து வீட்டில் இருந்து ஒரு டிரைவர். எதிர்வீட்டில் இருந்து ஒரு தையல்காரன். அவ்வளவுதான், வட்டம் சும்மா சுற்றியது.

"ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போய் அங்க ஒரு பிளக்கக் கேட்டா குடுக்க மாட்டாங்களா?" என்று நான் கேட்டேன். இத்தனை நடந்த பிறகும் அப்படித்தான் கேட்டேன்.

சவரி தலையைச் சொறிந்தான். "மாமா, இத நான் உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னு இருந்தன். வேலையில சேந்து கொஞ்ச நாள்லயே எனக்குப் புரிஞ்சிபோச்சி. எடத்துக்கும் ஆளுக்கும் சம்மந்தமே இல்ல. ஒவ்வொரு நெட் பொட்டிக்கும் ஒரு நம்பரு இருக்குது. அந்த நம்பரப் பாத்துதான் மெஷினு ஆளக் குடுக்குது. ஆஸ்பத்திரிப் பொட்டிய மாட்டுக் கொட்டாயில வச்சாலும் அதே சமையல்காரன்தான் வருவான்."

"அப்ப அன்னைக்கி நான் உன்ன அனுப்பனது?"

"சும்மா."

"கடவுள் அடிச்சாருன்னு நெனச்சனேடா."

"அடியும் இல்ல ஒண்ணும் இல்ல. அது பொட்டி நம்பரு." பிறகு குரலைத் தணித்துச் சொன்னான். "நீ மட்டுமா மாமா நம்பன? நானுந்தான் நம்பனன். நம்பித்தான வண்டிய எடுத்தன்."

எனக்கு அழுகை வந்தது. வீணாக அனுப்பியிருக்கிறேன் என்பது ஒரு பக்கம். பதினைந்து வருஷம் முகத்தில் சுமந்த ஒரு அறை, கடவுள் கொடுக்காத அறை, விழுந்துபோனது ஒரு பக்கம்.

ஜெனிதான் அதைப் பிடித்தாள். "அப்ப பொட்டி இருந்தா போதுமா மாமா? நெட்டு வேணாமா?"

"வேணாம். கரண்டு குடுத்தா பொட்டி சிக்னல் விடும்."

"உன் பையில இன்னா இருக்குது?"

சவரி பையைப் பார்த்தான். பையின் வாயைப் பிடித்துத் தரையில் கவிழ்த்தான். கனெக்‌ஷன் வேண்டாம் என்று வீடுகளில் திருப்பிக் கொடுத்த பெட்டிகள், பதினேழு. செல்லிப்பட்டு, பாகூர், எந்தெந்த ஊரில் இருந்தோ. சிலதில் சாம்பிராணி வாசனை இன்னும் இருந்தது. ஒன்றில் குங்குமம் வைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. நான் பிளக் போடுவேன், சவரி விளக்கு எரிவதைப் பார்த்து "ம்" என்பான், ஜெனி தேடுவாள். வட்டம் சுற்றும். நால்வர் மூச்சும் நிற்கும். நால்வர் என்று கணக்குத் தப்பாமல்தான் எழுதுகிறேன். ஆரோக்கியம் குழம்பை இறக்கி வைத்துவிட்டு எங்கள் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தாள்.

முதல் பெட்டி, காவல்காரன். இரண்டாவது, காவல்காரன். மூன்றாவது பெட்டிக்கு உயிரே இல்லை. நாலாவது ஒரு விஞ்ஞானி. "இவரு ஊசி போட மாட்டாரா?" என்றாள் ஆரோக்கியம். மாட்டார் என்றேன். சோறு கிடையாது என்றதற்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். எட்டாவதில் இன்னொரு சமையல்காரன். சவரி விழுந்து விழுந்து சிரித்தான். "மாமாவுக்கு சமையக்காரன் ராசி."

பதினோராவது குங்குமம் வைத்த பெட்டி. வட்டம் சுற்றியது. திரையில் ஒரு முகம் வந்தது. ஜெனி பிரெஞ்சை எழுத்துக் கூட்டினாள். முடிப்பதற்குள் அவள் குரல் உடைந்தது.

"அப்பா. டாக்டரு."

நான் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். ஆரோக்கியம் அந்தப் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தாள், எந்த மகராசி வீட்டுப் பெட்டியோ என்று. முந்தானையால் தூசியைத் துடைத்து வைத்தாள்.

ஓட்டம்

ஒரு நாள் கழிய ஒரு ஆட்டம் ஆட வேண்டும். ஜெனி அந்தோணியை அனுப்பி ஆடினாள். நன்றாக ஆடினாள். ஒருத்தனை மயக்கி இழுத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பூட்ஸ் சத்தம் கேட்டு ஆரோக்கியம் கேட்டாள், "பாவம், எங்க இழுத்துக்கினு போற?" "நம்ம ஆளாக்கறம்மா" என்றாள் ஜெனி. ஆரோக்கியம் குனிந்து பார்த்தாள்.

முடிந்ததும் பட்டியல் வந்தது. SAVARI மஞ்சளாகி இருந்தான். இன்னொரு ஆட்டம். வெள்ளை.

"இந்தாடா" என்று மெஷினைச் சவரியிடம் நகர்த்தினேன். வயர் நீளம் போதவில்லை, அவன்தான் டிரம்மோடு ஒட்டி உட்கார்ந்தான், வலது காலை நீட்டியபடி. தன் பேர் உள்ளவனைத் தேர்ந்தெடுத்தான். பெரிய மைதானம் ஒன்று. இந்த முனையில் நம்ம ஆள், அந்த முனையில் லாரி, நடுவில் காவல்காரர்கள்.

அந்த ஆட்டத்தில் ஓடவே கூடாது. ஓடினால் சத்தம் கேட்கும், எல்லோரும் திரும்புவார்கள். தவழ வேண்டும், சுவரில் ஒட்ட வேண்டும், காத்திருக்க வேண்டும். சவரிக்கு அது தெரியும்.

அவன் ஓடினான். எழுந்து நின்று நேராக மைதானத்தின் நடுவில் ஓடினான். சங்கு ஊதியது. விளக்குகள் திரும்பின. திரையெல்லாம் சிவப்பு. நான் "டேய், டேய்" என்கிறேன், ஜெனி என் கையைக் கிள்ளுகிறாள். சவரி திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. நீட்டியிருந்த அவன் வலது கால் விரல்கள் மடங்கி மடங்கி விரிந்தன.

"ஓடுறா" என்றாள் ஆரோக்கியம். இந்த ஆட்டம் எதற்கு, யார் யாரைத் துரத்துகிறார்கள், ஒன்றும் அவளுக்குத் தெரியாது. "ஓடுறா சவரி. ஓடு."

லாரிக் கதவு மூடியது. வெற்றி என்று போட்டது. எத்தனை பேர் கண்ணில் பட்டாய் என்று கடைசியில் ஒரு எண் காட்டும். இருந்ததிலேயே கேவலமான எண் அதுதான். சவரி சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "செலக்டாயிட்டனாக்கா?" என்று கேட்டான்.

அவள் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு கையை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாள்.

என் பக்கம் திரும்பினபோது முகம் இன்னும் கடுமையாகத்தான் இருந்தது. "அந்த ஆஸ்பத்திரி சமையக்காரனுக்கு இன்னும் பேரு வைக்கல இல்ல? உங்க பேர வைங்க."

வைத்தேன். LOURDU. அந்த வாரம் முழுக்க வீட்டில் நான்தான் சமைத்தேன். இந்த வருஷம் அந்தத் தேதி வரும்போது குளத்துப் படியில் மெழுகுவத்தியை நான் ஏற்றுவதாக ஏற்பாடு. காற்றுக்கு அவள் கை வைத்து மறைப்பாளா என்று தெரியாது. கேட்கவில்லை.

வாசித்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் இருக்கிற மாதிரியே சொல்லுங்கள். எங்கள் தெருவில் அதற்குள் மாற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர், மெஷின் வழியாக மாதா சவரியின் காலைக் குணமாக்கினாள் என்கிறார். இன்னொருவர், குங்குமப் பெட்டி எந்த வீட்டுடையது என்று விசாரிக்கிறார், அதில் தேடினால் வேறென்ன வரும் என்று. சவரியின் கால் குணமாகவில்லை. நேற்றும் எங்கள் தெருமுனைக் கம்பத்தில் இழுத்து இழுத்துத்தான் ஏறினான். அதைக் கூட்ட வேண்டாம். தூறும்போது அவனை அனுப்பியவன் நான், அதைக் குறைக்கவும் வேண்டாம்.